பொத்தான் இல்லாத துப்பாக்கி

மாசாய் நகரிலிருந்த தன் வீட்டின் கதவைத் தாழிட்டு, வெயில் படாமல் திரையையும் இழுத்துவிட்டுத்தான் ஷாமளா அந்த நீளப் பெட்டியைத் திறந்தாள். மூன்று நாள் பாடுபட்டுச் செய்தது.

குனிந்து பார்த்த மனோகரன் உதட்டைப் பிதுக்கினார்.

"இது அசால்ட் ரைபிள் இல்லம்மா."

ஷாமளா பெட்டியை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினாள். இவர் வேண்டாமென்று போய்விட்டால் இனி யார் அவளை நம்பி வருவார்கள்?

"அலமாக்! நல்லா கறுப்பா, பயங்கரமாத்தானே அண்ணே இருக்கு?"

"எங்க வீட்டுக் குடைகூடத்தான் கறுப்பு. ஒவ்வொண்ணாவும் சுடணும், மாத்திவிட்டா மழை மாதிரி படபடன்னும் சுடணும். அந்த மாத்துற பொத்தான் எங்க? அது இல்லேன்னா சாதா ரைபிள். வெளிநாட்டுல கண்டவனும் வாங்கி வச்சிருப்பான்."

"ஒவ்வொண்ணா சுட்டா மட்டும் செத்தவன் எழுந்து வருவானா? வீட்டுல வச்சிருக்கற சாமானா லா இது?"

"வச்சிருக்கவே கூடாதும்மா! நானே ஒரு மணி நேரத்துக்கு மேல வச்சிருக்க மாட்டேன். அங்க நாப்பது பேரு காத்திருக்காங்க."

ஷாமளா உள்ளே ஓடினாள். குளிர்பெட்டியிலிருந்து ஒரு சாக்லேட் துண்டை எடுத்து வந்து, விசைக்கு மேலே கிரீம் தடவி ஒட்டினாள்.

மனோகரனின் முகம் மலர்ந்தது.

"இப்பதான் அசால்ட் ரைபிள்! முப்பது வருஷம் போலீஸ்காரங்களுக்குச் சுடச் சொல்லிக் கொடுத்தவன் நான். ரிட்டயர்மென்ட் அன்னிக்குப் பொத்தான் இல்லாத கேக்கை வெட்டினா பசங்க சிரிப்பானுங்க. ஆமா, முட்டை போடலதானே? வீட்டுக்காரி சைவம்."