தொட்ட கை

கெதூரா ஆராதனைக் கூடத்தின் தரையில் உருண்டு துடித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அத்தனை வேதனையிலும் பெஞ்சு முனையில் தலை இடிக்காமல் விலகிக்கொண்டாள். முழங்காலுக்கு மேல் ஏறிய பாவாடையையும் இழுத்துவிட்டுக்கொண்டாள். நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். நான் ஊர்க்காவலன். இதையெல்லாம் கவனிக்கிற கண் எனக்கு உண்டு.

போதகரின் மனைவி தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவள் கண்ணைக் கட்டினார்.

சோதனை எளியது. சூனியம் வைத்தவள் தொட்டால், அவள் ஏவிய விஷம் அவள் கைக்கே திரும்பிப் போய்விடும். பிள்ளை தெளிந்துவிடும்.

தொட வேண்டியவள் விதவை ஹெப்சிபா. பக்கத்துப் பண்ணைக்காரி. என் மகளைப் பிரசவம் பார்த்து எடுத்தவள்.

"நேத்து வரைக்கும் இவ கடைஞ்ச வெண்ணெயத்தானே தின்னோம்," என்று பின் பெஞ்சில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"அதான் எனக்கு ஒரு வாரமா வயிறே சரியில்ல," என்றாள் இன்னொருத்தி.

"ஓபேத், அவ கையப் பிடிச்சுப் பிள்ளை மேல வை," என்றார் நீதிபதி.

கயிறு கட்டியிருந்த ஹெப்சிபாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கிழவி தடுமாறினாள். தாங்கப் போய் நானும் சரிந்தேன். விழாமல் இருக்க ஊன்றிய என் இடது கை, கெதூராவின் தோளில் அழுந்தியது.

பிள்ளை அப்படியே அடங்கிப்போனாள்.

கூடம் முழுக்க ஸ்தோத்திரம் எழுந்தது. ஹெப்சிபாவின் கை இன்னும் என் வலது கைப்பிடியில்தான் இருந்தது. என் முதுகு மறைத்ததால் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. பார்த்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"பட்டது யார் கைன்னு நீயே சொல்லிடுப்பா, ஓபேத்," என்றாள் அவள்.

நீதிபதி என்னைப் பார்த்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"இவ கைதான் ஐயா."

அவளை வண்டியில் ஏற்றியதும் நான்தான். அவள் என்னைத் திட்டவில்லை. மாடு கத்தும், பால் கறந்துவிடு என்று மட்டும் சொன்னாள். மனம் கேட்காமல் அன்றைக்கே போய்க் கறந்தேன். வலது கையால் மட்டும்.

வெள்ளிக்கிழமை தூக்கு. அவள் குற்றமில்லாதவள் என்று இந்த ஊரில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை நீதிபதி வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். நான் கோழை. சொன்னால் ஹெப்சிபா வீட்டுக்குப் போவாள், கயிற்றுக்கு நான் போவேன்.

சோதனை பொய் சொல்லாது. பிள்ளை எந்தக் கைக்கு அடங்கினாளோ, அந்தக் கைதான் அவளை வதைத்த கை.

இந்த ஜூலை வெயிலிலும் இடது கைக்கு உறை மாட்டியிருக்கிறேன். மகள் மடியேற வந்தால் எழுந்து போய்விடுகிறேன். அவள் அழுகிறாள். எனக்கும் அழுகை வருகிறது.

பிசாசின் கறுப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போடாமல் யாரும் சூனியக்காரன் ஆக முடியாது என்பார் போதகர். நான் எப்போது போட்டேன் என்று ராப்பகலாக யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

எனக்கு எழுதவே தெரியாது.