கரடித் துப்பாக்கி

“இதை எதுக்கு வச்சிருக்கீங்கன்னு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க பெரியவரே, எழுதிக்கிட்டுப் போயிடுறேன்” என்றார் ஏட்டு நடராசன்.

காரைக்காலிலிருந்து குரும்பகரம் வரை ஆகஸ்ட் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த களைப்பு அவருக்கு. வழியில் செயின் வேறு கழன்று கழன்று கையெல்லாம் கிரீஸ். இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கும் விசாரணையைத் தூக்கி அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் அருளானந்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் ‘சொல்தா வீடு’, அதாவது பட்டாளத்தான் வீடு, என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். இருவருக்கும் நடுவே மேசைமேல் கிடந்தது அந்த ரிவால்வர். அம்மிக் குழவி கனம். அதன் தோட்டா கட்டைவிரல் தண்டி. யாரோ ஒரு துரை ஊரை விட்டுக் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். கரடி வேட்டைக்கென்றே செய்ததாம். குரும்பகரத்தில் கரடிக்கு எங்கே போவது?

“திருட்டு பயம்னு எழுதட்டுமா?”

“எழுதுங்க. ஆனா திருடன் வந்தா, இதைத் தூக்குறதுக்கு அவனையே ஒரு கை பிடிக்கச் சொல்லணும்.”

“வயல்ல பன்னி, நரி?”

“நான் தூக்கிக் குறி பாக்குறதுக்குள்ள அது பூவம் ஊரே தாண்டிப் போயிடும் ஏட்டய்யா.”

“சரி, சும்மா பொழுதுபோக்குக்கு?”

“பொழுதுபோக்கா!” அருளானந்தம் அலுப்போடு சிரித்தார். “தோட்டா இங்க கிடைக்காது. மெட்ராசுக்குப் போயி கடைக்காரன் கையக் காலப் புடிக்கணும். ஒரு தோட்டா வெலைக்கு ஒரு வாரம் வஞ்சிரம் வாங்கித் திங்கலாம். போன வருஷம் ஒண்ணே ஒண்ணு சுட்டேன். மணிக்கட்டு பூசணிக்காயா வீங்கி, சோத்தைக் கரண்டியாலதான் தின்னேன்.”

“அப்பறம் என்ன எழவுக்குய்யா இது?” ஏட்டுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

“சத்தம் நல்லா வரும்.”

“சத்தத்துக்கா? அதுக்கு ஒரு வெடி வாங்கிக் கொளுத்துறதுதானே!”

“அணுகுண்டு வெடியும் வச்சுப் பாத்துட்டேன். பத்தல.”

ஏட்டு பேனாவை மூடினார். வயசாகிவிட்டால் இப்படி ஒரு கிறுக்கு வந்துவிடும்போல. இதற்கா இவ்வளவு தூரம் மிதித்து வந்தோம் என்று அழுகையே வந்தது அவருக்கு.

வாசலில் நாற்காலி போட்டு, இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் சகாயம்மாள், அருளானந்தத்தின் மனைவி. புதுப்புடவை, கையில் ஜெபமாலை. காரைக்கால் மாதா கோயிலில் இன்று கொடியேற்றம்; முட்டிவலியால் அவளால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை என்று வந்தவுடனே சொல்லியிருந்தார் அருளானந்தம். ஏட்டு வந்ததிலிருந்து அந்தம்மாள் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அம்மா! நீங்களாவது சொல்லக்கூடாதா? இந்தச் சனியன் எதுக்கும்மா வீட்டுல?”

அவள் திரும்பவே இல்லை. அருளானந்தம்தான் பதறினார்.

“அவகிட்ட மட்டும் துப்பாக்கிப் பேச்சை எடுக்காதீங்க ஏட்டய்யா, புண்ணியமாப் போவும்!”

ஏட்டுக்குப் புரிந்துபோயிற்று. மாற்றல் வந்ததிலிருந்து அவர் மனைவியும் இப்படித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு திரிகிறாள். பாவம், இந்தப் பொம்பளை எத்தனை வருஷமாக இந்த இரும்போடு மல்லுக்கட்டுகிறதோ!

“காரணம் இல்லைன்னுதான் எழுதப் போறேன். இது இப்பவே என்கூட ஸ்டேஷனுக்கு வருது. உங்க வீட்டுச் சண்டையாவது தீரட்டும்.”

அருளானந்தம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகப் போகிறது. முகத்தில் சட்டென்று பத்து வயது கூடிவிட்டது.

“எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒரு தோட்டா மிச்சமிருக்கு. அஞ்சு மணிக்கு அதைச் சுட்டுட்டுத் தந்துடுறேன். கையெடுத்துக் கும்பிடுறேன், இன்னைக்கு மட்டும் இல்லேன்னு சொல்லாதீங்க.”

எப்படியோ தொலையட்டும் என்று ஏட்டும் தலையாட்டினார். இருவரும் கொல்லைப்பக்கம் போனார்கள். அருளானந்தம் மணிக்கட்டில் துண்டை இறுகச் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கி, வாய்க்கால் கரைச் சேற்றைப் பார்த்துச் சுட்டார்.

அடேயப்பா! தென்னை மரத்துக் காக்கை ஒன்று பாக்கியில்லாமல் கிளம்பிவிட்டது. ஏட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அருளானந்தம் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர், துப்பாக்கியை ஏட்டின் கையில் திணித்தார்.

“மறைங்க ஏட்டய்யா, சீக்கிரம்! முதுகுப்பக்கம் மறைங்க!”

எதற்கென்று தெரியாமலேயே ஏட்டு முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு, முட்டிவலியையும் மறந்து, சிலுவை போட்டபடி ஓட்டமும் நடையுமாக வந்தாள் சகாயம்மாள். முகமெல்லாம் சிரிப்பு. தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்:

“என்னங்க, காரைக்கால்ல கொடி ஏத்திட்டாங்க! என் காது ரெண்டும் சுத்தமா செத்துப்போச்சுன்னு அந்த டாக்டர் சொன்னானே, மாதா கோயில் வேட்டு மட்டும் எனக்கு வருஷா வருஷம் கேக்குது பாருங்க!”

“எனக்கும் கேட்டுச்சும்மா” என்று கிழக்கே கையைக் காட்டிப் பெரிதாகத் தலையாட்டிய ஏட்டு, முதுகுக்குப் பின்னாலிருந்த துப்பாக்கியை, அவள் பார்க்காமல், தரையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடமே திருப்பிக் கொடுத்தார்.