காக்கைத் தலைவர் நடத்திய மௌன அஞ்சலி

போர்முனையில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்ற கோவேறு கழுதை வீரபத்திரனுக்கு, போரில் இறந்தவர்களின் நினைவு நாளன்று மாலை போட்டார்கள். மலைப்பாதையில் குண்டடிபட்டுச் செத்த கூட்டாளியின் பெயரை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று அது வாயைத் திறந்தது.

"எல்லாரும் ரெண்டு நிமிஷம் மௌனமா நில்லுங்க!" என்று தலைவர் காக்கை கத்தியது. "யாருய்யா அங்க மூச்சு விடுறது? மௌனம்! மௌனம்!"

இரண்டு நிமிஷமும் அதே கூப்பாடுதான். முடிந்ததும் காக்கை சுண்டலுக்குப் பறந்தது. கூட்டமும் பின்னாலேயே ஓடியது.

மாலையைத் தின்ன வந்த ஆடு மட்டும் நின்றது. மென்றுகொண்டே கேட்டது: "ஆமா, இவ்வளவும் யாருக்காகங்கய்யா?"

"மருதனுக்காக. மலையில எனக்கு முன்னால நடந்தவன்."

ஆடு மெல்லுவதை நிறுத்தியது. அந்த விழாவில் மௌனம் வந்தது அப்போதுதான்.