தொண்ணூற்றிரண்டில் நிற்கும் முகம்

"சரியா ஞாபகம் இல்லண்ணா. தொண்ணூத்தொரு பர்சென்ட்டோ, தொண்ணூத்திரண்டோ. ஆனா அந்த மூஞ்சி வர்ற எடத்துலதான் நின்னுபோவுது. மூணு நாளா அதே எடம்" என்றான் பிரவீன்குமார்.

துருகம் ரோட்டில் உள்ள தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ரெக்ஸ் அவனுடைய லேப்டாப்பைக் கவிழ்த்துப்போட்டுத் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெளியே புரட்டாசி மழை.

"இன்னா தம்பி, பேயின்னு நெனச்சிட்டியா? பேயின்னா ஜெபம் பண்றேன். சூடுன்னா உள்ள தடவுற பேஸ்ட்ட மாத்துறேன். எது வேணும் சொல்லு."

பிரவீன் சிரிக்கவில்லை.

கல்யாண வீடியோக்களை வீட்டிலேயே எடிட் செய்து கொடுப்பது அவன் தொழில். இப்போதெல்லாம் பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ அப்பா அம்மா இறந்துபோயிருந்தால், அவர்கள் வந்து வாழ்த்துவதுபோல ஒரு காட்சி கேட்கிறார்கள். கச்சிராயபாளையத்து ராதிகாவும் கேட்டாள். ஆவணியில் வெள்ளிமலைப் பையனை மலைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டவள். கொடுத்தது ஒரே ஒரு போட்டோ. மரவள்ளித் தோட்டத்தில் நிற்கும் மனிதர், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

"அப்பா கை என் தலைமேல படணும்ணா. அது ஒண்ணு போதும்" என்றாள். நாளைக் காலை புருஷனோடு ஓசூருக்குப் போகிறாள். அதற்குள் கொடுத்தாக வேண்டும்.

புகைக்குள்ளிருந்து அவர் நடந்து வருவதுபோல எல்லாம் செய்துவிட்டான். இறந்தவர் என்று தெரிய வேண்டுமே என்று கழுத்தில் ஒரு சந்தன மாலையையும் அவனே சேர்த்தான். ஆனால் அவர் கண்ணைத் திறக்கும் இடம் வந்ததும் திரை உறைந்துவிடுகிறது. பாதி திறந்த இமையோடு அந்த முகம் அவனையே பார்க்கிறது. எட்டு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி விஜயலட்சுமி அந்த அறைப் பக்கமே வருவதில்லை.

"செத்தவருக்கு வர இஷ்டமில்லையோண்ணா?"

"வர்றதுக்கு எடமில்ல, அதான். பாரு, எட்டு ஜிபி ரேம். ஒரு மூஞ்சிய உசுப்பி நடக்கவிட இது எப்படிப் பத்தும்?"

"கிராபிக்ஸ் கார்டு பெருசா போட்டா?"

"அது போர்டோட ஒட்டிக்கினு வர்றது. லேப்டாப்புல மாத்த முடியாது. எஸ்எஸ்டி போட்டா சீக்கிரம் தொறக்கும், ஃபைலு சட்டுனு வரும். உன் வியாதி அது இல்ல. இன்னொரு எட்டு ஜிபி போடு, ஃபேனு தூசியத் தட்டித் தர்றேன். எஸ்எஸ்டிய தீவாளிக்குப் பாத்துக்கலாம்."

"அப்பவும் நின்னா?"

"அப்ப ஃபாதரக் கூப்புடுவோம்."

கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். சொட்டச்சொட்ட நனைந்திருந்தார். தலையோடு சேர்த்து முகத்தையும் துண்டால் சுற்றியிருந்தார்.

"இன்னா வேணுங்க?" என்றார் ரெக்ஸ்.

"மழைங்க. கொஞ்சம் குந்திக்கிறேன்."

பிரவீனுக்குப் பின்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். ரெக்ஸ் ரேமைப் பொருத்தி மூடினார். பிரவீன் வீடியோவை மறுபடி ஓடவிட்டான். திரையில் சதவீத எண் ஏற ஆரம்பித்தது. மழைச் சத்தம் மட்டும்.

"கல்யாணப் படமா தம்பி?" என்றார் பெஞ்சுக்காரர்.

"ஆமாங்க. பொண்ணோட அப்பா தவறிட்டாரு. அவரு வந்து வாழ்த்துறாப்புல."

"எப்ப தவறுனாராம்?"

"ஆடிப்பதினெட்டு அன்னிக்குன்னு சொல்லிச்சு. எப்படின்னு கேட்டேன், அழுதுச்சு. அப்புறம் கேக்கல."



"ஆமா. ஆடிப்பதினெட்டுதான்" என்றார் அவர்.

இவருக்கு எப்படித் தெரியும்? பிரவீன் திரும்பிப் பார்க்கப் போனான். போன் அடித்தது. விஜயலட்சுமி.

"ஏங்க, இங்க ஒரு ஆளு வந்துச்சு. மலைக் கல்யாணத்துக்கு வீடியோ பண்றவரு வூடு இதானான்னு கேட்டுச்சு. ரெக்ஸ் அண்ணன் கடைக்குப் போயிருக்காருன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"சரி, அதுக்கு ஏன் கொரலு நடுங்குது?"

"மூஞ்சிய எங்கியோ பாத்தாமேரியே கீதுங்க. போனதுக்கு அப்புறம்தான்... நீங்க சீக்கிரம் வூட்டுக்கு வாங்க. எனக்குப் படபடன்னு வருது."

எண் தொண்ணூறைத் தொட்டது. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு.

புகை விலகியது. மாலை போட்ட முகம் வந்தது. இமைகள் பாதி திறந்தன.

நிற்கவில்லை. கண்கள் முழுதாகத் திறந்தன. அவர் நடந்து வந்து, கையைத் தூக்கி, குனிந்திருந்த ராதிகாவின் தலைமேல் வைத்தார்.

"பாத்தியா, பேயெல்லாம் பதினாறு ஜிபியில சரியாப்பூடும்" என்று சிரித்த ரெக்ஸ், பிரவீனுக்குப் பின்னால் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

பிரவீனின் தோளில் ஒரு சொட்டு நீர் விழுந்தது. ஜில்லென்றிருந்தது. மெல்லத் திரும்பினான்.

பெஞ்சுக்காரர் அவன் முதுகை ஒட்டி நின்றிருந்தார். துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.



"பயப்படாத தம்பி. 'அவனக் கட்டிக்கினா நான் செத்துட்டதா நெனச்சிக்கோ'ன்னு ஆடிப்பதினெட்டு அன்னிக்குக் கோவத்துல நான்தான் சொன்னேன். கல்யாணத்தத்தான் பாக்கல, படத்தையாவது பாக்கலாம்னு வந்தேன்" என்றார் ராதிகாவின் அப்பா. திரையில் மகளின் தலைமேல் இருந்த கையைவிட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த மாலைய மட்டும் எடுத்துடு."