பசை வேண்டாம்

மேலகரம் வாடகை வீட்டின் முன்னறையில் அன்று காலை நான்கு பேர் இருந்தார்கள். சன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் பாலம்மாள். முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாதவர். சோபாவில், கையில் செல்போனோடு அவர் மகன் லிங்கேஸ்வரன். அடுக்களை வாசலில், இடது மணிக்கட்டைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு மருமகள் சத்யபிரியா நின்றாள். நடுவே, சரிந்து கிடந்த கட்டிலின் பக்கத்தில் சம்மணமிட்டிருந்தவர் பர்னிச்சர் பூட்டிக் கொடுக்கும் துல்கர்னைன்.

கட்டில், கடையத்திலிருந்து சத்யபிரியாவின் அப்பா சங்கரபாண்டி சீராகக் கொடுத்தது. அட்டைப் பெட்டியில் பலகை பலகையாக வந்ததை துல்கர்னைன்தான் பூட்டினார். கல்யாணமாகிப் பத்து மாதத்தில் அது உடைவது இது மூன்றாவது தடவை.

"மாமனார் குடுத்த சாமான் லெச்சணம். சாரல் காத்து பட்டதும் ஸ்க்ரூ துருப்பிடிச்சு விழுந்துட்டு" என்றான் லிங்கேஸ்வரன்.

துல்கர்னைன் ஒரு ஸ்க்ரூவை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். "துரு இல்லையே அண்ணாச்சி. குற்றாலத்துல அருவிக்குப் பக்கத்து லாட்ஜுக்கெல்லாம் நான்தான் பூட்டுதேன். ஈரம்னா ஓட்டை பொதபொதன்னு ஊறியிருக்கும். இது வளைஞ்சில்லா இருக்கு. பக்கவாட்டுல உதை வாங்குன மாதிரி..."

சத்யபிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"காரணம் ஒங்கிட்ட கேக்கல தம்பி" என்றார் பாலம்மாள். "எது நிக்கும்னு மட்டும் சொல்லு."

துல்கர்னைன் ஸ்க்ரூவைக் கீழே வைத்தார். "இந்தப் பலகையில வெறும் ஸ்க்ரூ நிக்காது ஆச்சி. ஒருதடவை கழட்டுனாலே ஓட்டை தேஞ்சிரும். பிஞ்ச ஓட்டையில தேக்குக் குச்சிய அடைச்சு, பசையைப் போட்டு முறுக்கிட்டா ஆயுசுக்கும் அசையாது."

"பசை வேண்டாம். கழட்டவும் வரணும், திரும்பப் பூட்டவும் வரணும். எத்தனை தடவைன்னாலும் தேயக்கூடாது."

லிங்கேஸ்வரன் செல்போனிலிருந்து நிமிர்ந்தான். அம்மாவின் திட்டம் பிடிபட்ட மாதிரி தலையாட்டினான். "அதான் சரி. கட்டிலும் கடையத்துக்குப் போகட்டும், கட்டிலக் கொண்டு வந்தவளும் போகட்டும். நல்ல தேக்குக் கட்டிலா வாங்கிட்டு வந்தா வாசல் திறந்திருக்கும்."

சத்யபிரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். சீரோடு திரும்பி வந்த அக்கா இருக்கிற வீட்டில் யார் பெண் கேட்டு வருவார்கள்?

"அப்போ பித்தளை நட்டைப் பலகைக்குள்ள பதிச்சு, அதுல ஸ்டெயின்லெஸ் போல்ட்டுதான் போடணும்." துல்கர்னைன் சத்யபிரியா பக்கம் பார்க்காமலே சொன்னார். "நூறு தடவை கழட்டலாம்."

"அதையே போடு. கால் நாலையும் ரெண்டு விரக்கடை ஒசத்திரு. உக்காந்து எந்திரிக்கச் சங்கடம் இருக்கக்கூடாது."

அவர் துளைபோடத் தொடங்கியதும் பாலம்மாள் மடியில் ஒரு நோட்டை வைத்து, அதன் மேல் தாளை விரித்து எழுத ஆரம்பித்தார்.

"யாருக்கும்மா? அவ அப்பனுக்கா? ஒரு போன் போட்டா முடிஞ்சிது."

"போன்ல சொன்னா சம்மந்தி இடையில பேசுவாரு. எழுதிக் குடுத்தா கடைசி வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும்."

"அப்போ காரமாவே எழுது. மூணு தடவை உடைஞ்சதையும் எழுது."

"மூணையும்தாம்லே எழுதுதேன்."

மதியத்துக்குள் கட்டில் நின்றது. பாலம்மாள் எழுந்து போய், தலைமாட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். கிறீச்சென்றுகூட ஒரு சத்தம் இல்லை.

"நல்லது. இப்போ கழட்டிக் கட்டு."

துல்கர்னைன் கழற்றினார். கால் மணி நேரத்தில் பலகைகள் கயிறு கட்டி அவருடைய லோடு ஆட்டோவில் ஏறிவிட்டன. பாலம்மாள் தாளை நான்காக மடித்து உறையில் இட்டு, வாயை ஒட்டி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தித் தேய்த்தார்.

"சாயங்காலம் ஒன் வீட்டுக்குப் போற வழிதான. கடையத்துல இவ அப்பா கையிலயே குடுத்துரு."

துல்கர்னைன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்தார். "கட்டிலயும் அங்கனயே இறக்கிரட்டுமா ஆச்சி?"

"லெட்டருதான் கடையத்துக்கு. கட்டிலு வடகரைக்கு. அங்கன என் வீட்டுல பூட்டு."

லிங்கேஸ்வரன் சோபாவை விட்டு எழுந்தான். "எம்மா, பூட்டிக் கெடக்க வீட்டுக்குக் கட்டில் எதுக்கு?"

பாலம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை. அடுக்களை வாசலைப் பார்த்துச் சொன்னார்:

"ஏட்டி, ஒன் துணியோட என் சேலையையும் எடுத்து வை."