போல்காவுக்கு ஒரு பேஸ் கிற்றார்

"கூட்டாளி வருத்தமாக் கிடக்கேக்க அவற்ற இடத்தைப் பிடிக்கிறது உங்களுக்குச் சரியாப் படுதோ?"

பரமட்டா நகரில் ஒரு இசைக்கருவிக் கடை வாசலில் யோகராணி கேட்டாள். கணவர் கேதீஸ்வரன் கண்ணாடிக்கு உள்ளே தொங்கிய கிற்றார்களைப் பார்த்தபடி நின்றார்.

கூட்டாளி என்றது ஸ்டான்கோவை. ரயில் பெட்டி திருத்தும் பட்டறையில் பதினொரு வருடமாகக் கேதீஸ்வரனோடு வேலை செய்த ஸ்லோவேனியர். ஞாயிறு பின்னேரங்களில் ஸ்லோவேனியர்களுடைய கிளப்பில் போல்கா என்கிற சோடி நடனம் நடக்கும். அதற்கு அடித்தாளம் போடுகிற பேஸ் கிற்றார் எப்போதும் ஸ்டான்கோதான். தொண்ணூற்று நாலாம் வருடம் பங்குனியில் அவருக்குப் பாரிசவாதம் வந்து இடக்கை விழுந்துவிட்டது.

கேதீஸ்வரன் யாழ்ப்பாணத்தில் இளவயதில் ஒரு குழுவில் பேஸ் வாசித்தவர். ஸ்டான்கோவுக்குப் பதிலாக வாசிக்க வரச்சொல்லிக் கிளப்பில் கேட்டதும் உடனே ஓம் என்றுவிட்டார். அதுதான் யோகராணிக்குப் பொறுக்கவில்லை.

கடைக்குள் மாலை வெயில் சாய்ந்து கிடந்தது. தந்திகள் எல்லாம் நனைந்தவை போல மின்னின. கடைக்காரர் ஒரு கறுப்புக் கிற்றாரை எடுத்து நீட்டினார்.

"இருக்கிறதிலேயே நல்லது இதுதான்."

"பாரமாக் கிடக்கு. கதிரையில இருந்து மடியில வைச்சு வாசிக்கக் கூடியது வேணும்," என்றார் கேதீஸ்வரன்.

"எழும்பி நிக்கவும் பஞ்சியோ?" அவருக்குச் சோம்பல் என்று நினைத்த யோகராணி தமிழில் முணுமுணுத்தாள்.

கேதீஸ்வரன் தானே மூலையில் கிடந்த சின்னதொரு மண்ணிறக் கிற்றாரை எடுத்தார். வழுவழுப்பான தந்தி போடச் சொன்னார். குமிழ்கள் மேற்பக்கம் இருக்கிற ஒரு சின்ன ஒலிபெருக்கி கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு ஸ்பொஞ்சை எடுத்து, தந்திகள் முடிகிற இடத்தில் அடியில் செருகித் தட்டினார்.

டும்.

"சத்தத்தை அமுக்கிப்போட்டீங்களே," என்றார் கடைக்காரர்.

"போல்காவுக்கு இது காணும். விழவேணும், உடனே அடங்கவேணும்."

கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பத் தட்டினார். பக்கத்து அறையில் யாரோ வெறுங்காலோடு நடக்கிற மாதிரி இருந்தது. கோபத்தோடு நின்ற யோகராணியும் கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஒத்திகையில் வேறு வில்லங்கம். எல்லாப் பாட்டையும் ஒரே சுருதிக்கு மாற்றவேண்டும் என்று கேதீஸ்வரன் பிடிவாதம் பிடித்தார். துருத்திபோல விரித்துச் சுருக்கி அக்கோடியன் வாசிப்பவர் புறுபுறுத்துக்கொண்டே மாற்றினார்.

"உன்ர மனுசனுக்கு ஒரு சுருதிதான் தெரியுமாம்," என்று அக்கோடியன்காரரின் மனைவி சொல்லிச் சிரித்தாள். யோகராணிக்கு முகம் சுருங்கிவிட்டது.

நடன நாளும் வந்தது. ஸ்டான்கோவை அவருடைய மனைவி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். மேடையில் இருந்த புதுக் கிற்றாரைக் கண்டதும் ஸ்டான்கோ முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். யோகராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

கேதீஸ்வரன் கிற்றாரோடு மேடையிலிருந்து இறங்கினார். நேரே போய் அதை ஸ்டான்கோவின் மடியில் வைத்தார்.

"எனக்கு இடக்கை இல்லை," என்றார் ஸ்டான்கோ.

"தேவையில்லை. எல்லாப் பாட்டையும் இந்த நாலு தந்தியின்ர சுருதிக்கே மாத்தியாச்சு. விரலால அமத்த ஒண்டுமில்லை. சத்தம் தானா அடங்க ஸ்பொஞ்ச் இருக்கு. வலக்கையால தட்டு."

ஸ்டான்கோ கனநேரம் தந்திகளைப் பார்த்தார். பிறகு தட்டினார். டும். இன்னொன்று.

அக்கோடியன்காரர் புறுபுறுக்காமல் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். சோடி சோடியாக எழும்பினார்கள். பாவாடைகள் விரிய, மண்டபம் முழுவதும் மெல்ல மெல்லச் சுழலத் தொடங்கியது.

கேதீஸ்வரன் வந்து மனைவிக்குப் பக்கத்தில் இருந்தார்.

"அப்ப நீங்கள் வாசிக்கேல்லையோ? பிறகேன் கேட்ட உடன ஓம் எண்டனீங்கள்?"

அவர் ஆடுகிறவர்களையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வேற ஆரும் ஓம் எண்டு சொல்லிப்போடுவினம் எண்ட பயத்திலதான்."