குழாய் உடைந்த தெரு

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் என் மனைவியின் நுரையீரலை வரைந்தார்.

வரைந்துவிட்டு, அதில் முக்கால்வாசியைப் பேனாவால் கிறுக்கி அடைத்தார். மிச்சம் இருந்தது இரண்டு விரல் அகலம்.

"கிறுக்கின இடமெல்லாம் நிமோனியா சளி, காத்து நுழையாது. காத்து இல்லாத இடத்துக்கு ரத்தம் போய் என்ன பண்றது? அதனால நுரையீரலே அந்தப் பக்கத்துக் குழாயை எல்லாம் இறுக்கிக்கும். ரத்தம் நல்ல பக்கமாத் திரும்பிடும்."

இதை எனக்கு இவ்வளவு விளக்க வேண்டியதில்லை. நான் இருபத்தேழு வருடமாகக் குடிநீர் வால்வைத் திறந்து மூடுகிறவன். தண்ணீர் வந்தால் யாருக்கும் என் ஞாபகம் வராது. வராவிட்டால் செத்துப்போன என் அப்பாவையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

"ஒரு தெருவுல குழாய் உடைஞ்சா அந்த வால்வ மூடிடுவோம் சார். இல்லேன்னா அத்தனையும் சாக்கடைக்குப் போயிடும். மத்த தெருவுக்குச் சொட்டு ஏறாது."

"அதேதான். மருத்துவம் படிக்கிற பசங்களுக்கு இதப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகுது."

உள்ளே அவள் அப்படிக் கிடக்கும்போது, வெளியே எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கங்கெட்ட மனசு.

டாக்டர் பேனாவை மூடவில்லை.

நேற்றுவரை எண்பத்தொன்பதில் நின்ற ஆக்சிஜன், காலை எட்டு மணிக்கு மேல் எழுபதுக்கு இறங்கிவிட்டதாம். முகமூடியில் கூட்டி வைத்தும் ஏறவில்லையாம். உடைந்த தெரு வால்வை எல்லாம் யாரோ ஒன்றாகத் திறந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றார், என் பாஷையிலேயே.

"வேற ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?"

மாத்திரை அட்டை என் சட்டைப் பையில்தான் இருந்தது. பத்தில் ஒன்று குறைவு. காலையில் நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் முகமூடியைத் தூக்கி, ஒரு ஸ்பூன் தண்ணீரோடு கொடுத்தேன். அவளும் நல்ல பிள்ளையாக விழுங்கினாள்.

நுரையீரலில் ரத்தக் குழாயைத் திறந்துவிடும் மாத்திரை. திறந்துவிடும் என்ற ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. மூடி வைத்ததற்கும் காரணம் இருக்கும் என்று, தினம் மூடுகிற எனக்கே தோன்றவில்லை.

எடுத்து நீட்டினேன். டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"நல்ல மாத்திரைதான். இந்த நோய்க்கு இல்ல. இதோட வேகம் சாயங்காலம் அடங்கும். அவங்க அதுவரைக்கும் தாங்க மாட்டாங்க."

"இதக் குடுக்காம இருந்திருந்தா சார்?"

அவர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார்.

அப்போதுதான் லிஃப்ட் திறந்து என் மகள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக வருகிறாள். தோளில் இன்னும் அவனுடைய தண்ணீர் பாட்டில் தொங்கியது.

அவள் மாமியார் இரண்டு வருடம் மூச்சு வாங்கிப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். ஒரு மாத்திரையில் எழுந்து உட்கார்ந்து, இப்போது மருமகளோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்குத் தேறிவிட்டார். நேற்றுச் சாயங்காலம் அந்த அம்மாளின் டப்பாவிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஓர் அட்டையை எடுத்துவந்து, என் சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டியும் கொடுத்தவள் இவள்தான்.

"அப்பா, அந்த மாத்திரை குடுத்தீங்கல்ல?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"மறந்துட்டேம்மா."

டாக்டர் அட்டையைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். அம்மாவின் கட்டிலைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

பிறகு திட்ட ஆரம்பித்தாள். ஒரே ஒரு மாத்திரை கொடுக்கத் துப்பில்லையா என்றாள். கொடுத்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளே என்றாள். உங்கள் முகத்தில் இனி விழிக்க மாட்டேன் என்றாள்.

தெருத்தெருவாகத் திட்டு வாங்கிப் பழகியவன் நான். நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.